கிர்ணிப்பழமும் காலிமனைப் புல்லும்

சென்னையில் பழம் சாப்பிட்டு வாய் அரித்ததாக யாரிடமாவது சொன்னால், விளக்கம் கேட்காமலேயே வந்துவிடும். கல் வைத்துப் பழுக்க வைத்திருப்பார்கள் என்பது முதல் விளக்கம். உடம்புச் சூடு, அல்லது அதற்கு நேர்மாறாகக் குளிர்ச்சி, என்பது இரண்டாவது. இரண்டும் எடுபடாவிட்டால், உனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடு என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இந்த மூன்றையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவள் நான். நான்காவதாக ஒரு விளக்கம் இருப்பதும், அது மருத்துவ நூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருவதும், இந்த ஊரில் அது ஏன் யார் காதிலும் விழுவதில்லை என்பதும் சில காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

என் தொல்லை கோடையில் கிர்ணிப்பழத்தோடு, அதாவது முலாம்பழத்தோடு, தொடங்கியது. சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள் மேலண்ணம் நமநமவென்று ஊறும். உதட்டின் உட்புறம் தடித்துவிட்டதுபோல் இருக்கும். காதுக்குள் விரலை விட்டுக் குடையவேண்டும் என்று தோன்றும். அரை மணி நேரத்தில் எல்லாம் தானாகவே அடங்கிவிடும். பின்னர் தர்பூசணியும் வெள்ளரிக்காயும் அதே வேலையைச் செய்தன. சில நாட்களில் வாழைப்பழமும், சாலட்டில் போட்ட பச்சைத் தக்காளியும் சேர்ந்துகொண்டன. தும்மலும் மூக்கடைப்பும் எனக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே உண்டு. அந்த இரண்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்றுதான் வீட்டில் எண்ணியிருந்தோம்.

அம்மா கல் கட்சி. அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. ஆனாலும் மாம்பழக் காலம் வந்தால் கோயம்பேட்டில் அதிகாரிகள் சோதனையிட்டுப் பழங்களைக் கைப்பற்றிய செய்தி வராமல் இருப்பதில்லை. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவை கலந்திருக்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் வெள்ளரிக்காயை யாரும் கல் வைத்துப் பழுக்க வைப்பதில்லை. இதை நான் சொன்னதும், "அப்போ மருந்து அடிச்சிருப்பான்" என்று அம்மா வாதத்தை ஒரு படி நகர்த்தினார். எங்கள் மாடித் தொட்டியில், வீட்டுச் சமையலறைக் கழிவு உரமன்றி வேறெதுவும் காணாமல் வளர்ந்த வெள்ளரிப்பிஞ்சும் அதேபோல் அரித்தபோது, அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உன் உடம்புதான்" என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டவற்றுள் உண்மைக்கு மிக அருகில் இருந்தது அந்த வாக்கியம்தான்.

பட்டியல் வந்த கதை

உடம்புதான் என்று ஆனபின் பரிசோதனை இல்லாமல் இருக்குமா? ஒரு ஆய்வுக்கூடத்தின் சலுகை விலை ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமைக்கென்று ஒரு தொகுப்பும் இருந்தது. அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய நீண்ட பட்டியல். கோதுமை, வேர்க்கடலை, எள், கத்தரிக்காய், கேரட், தக்காளி, ஆரஞ்சு, வாழைப்பழம், பாசிப்பருப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் எதிரே ஏதோ ஓர் எண், அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. கீழே பொடி எழுத்தில் மருத்துவரை அணுகவும் என்று ஒரு வரி. அம்மா அந்தக் காகிதத்தை அச்செடுத்துச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். அன்று முதல் வீட்டுச் சமையல் அந்தக் காகிதத்துக்கு அடங்கி நடந்தது. தோசைக்கு எள்ளுப்பொடி இல்லை, மாலையில் கடலை மிட்டாய் இல்லை, சாம்பாரில் கத்தரிக்காய் இல்லை. கத்தரிக்காயை விலக்குவதில் மட்டும் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. தோலில் அரிப்பு என்றால் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று அவருடைய அம்மாவே சொல்லிக் கேட்டவர் அவர். விஞ்ஞானம் தன் தாயின் சொல்லை உறுதிசெய்துவிட்டதாக அவர் உள்ளூர மகிழ்ந்தார் என்றே நினைக்கிறேன்.

பட்டியலோடு வாழ்வதில் ஒரு விசித்திரம் இருந்தது. அதில் சிவப்பாக இருந்த கடலையை நான் வாழ்நாள் முழுவதும் தின்றிருக்கிறேன். ஒருமுறைகூட எதுவும் நேர்ந்ததில்லை. என்னை உண்மையில் வதைத்த கிர்ணிப்பழம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஒரு கேள்வி

இந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் போனேன். நடுவயதுப் பெண்மணி. நான் நீட்டிய அறிக்கையை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேசைமீது கவிழ்த்து வைத்தார். "இதை அப்புறம் பார்க்கலாம் அம்மா. முதலில் நீங்கள் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டால், எத்தனை நிமிடத்தில், எங்கே அரிக்கிறது?" நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது: "சாம்பாரில் வெந்த கேரட் ஏதாவது செய்கிறதா?"

இல்லை. தக்காளி ரசம்? இல்லை. வாழைக்காய் வறுவல்? இல்லை. வெள்ளரிக்காய்க் கூட்டு? சற்று யோசித்தேன், அதுவும் இல்லை. பச்சையாகத் தின்றால் அரிக்கும் எதுவும் வெந்தபின் அரித்ததாக நினைவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்கோ அம்மாவுக்கோ கண்ணில் படாத ஒழுங்கு அது. பூச்சிமருந்தோ கார்பைடோ காரணமாக இருந்தால், நஞ்சு ஏன் ரசத்தில் மட்டும் செயலிழக்க வேண்டும்? சூடு, குளிர்ச்சி என்ற கணக்கும் இங்கே உதவாது. குளிர்ச்சியான வெள்ளரிக்காய் கூட்டானதும் சூடாகிவிடுவதாக யாரும் சொல்வதில்லை. அவர் மேலும் சில கேள்விகள் கேட்டார். பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா? வீட்டைச் சுற்றிக் காலிமனைகள் உண்டா? மழை ஓய்ந்த பின் வரும் வாரங்களில் தும்மல் கூடுகிறதா? நாங்கள் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம். காலிமனை இல்லாத திசை அங்கே இல்லை. மழைக்குப் பின் அந்த மனைகளில் இடுப்புயரத்துக்குப் புல் கதிர்விட்டு நிற்கும்.

அடுத்த முறை வரும்போது, சந்தேகப்படும் பழங்களையும் காய்களையும் வீட்டிலிருந்தே ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஒவ்வாமையை அடக்கும் செட்டிரிசின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் பதில் சொல்லாது. முன்கையில் பேனாவால் கோடுகள் இழுத்து, அறுகம்புல், சீமைக்கருவேலம், பார்த்தீனியம் முதலியவற்றின் மகரந்தச் சாறுகளையும், வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணியின் சாற்றையும் துளித்துளியாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் நுண்ணூசியால் தோலை லேசாகக் குத்தினார். உணவுகளுக்கு முறை வேறு. ஊசியை முதலில் பழத்தில் குத்தி, அதே ஊசியால் என் தோலில் குத்தினார். கடைகளில் வரும் பழச் சாறுகளில் இத்தகைய புரதங்கள் பெரும்பாலும் சிதைந்துவிட்டிருக்கும் என்பதால் நேரடிப் பழமே நம்பகமானது என்று விளக்கினார். ஒப்பீட்டுக்காக, தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் ஒரு துளி, எதுவும் செய்யாத வெறும் உப்புநீர் ஒரு துளி. பதினைந்து, இருபது நிமிடங்களில் அறுகம்புல்லுக்கு எதிரே கொசு கடித்ததுபோன்ற பெரிய தடிப்பு எழும்பியது. கிர்ணிக்கும் வெள்ளரிக்கும் அதைவிடச் சிறியவை. உப்புநீருக்கு ஏற்பட்டதைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்கள். எள்ளும் பாசிப்பருப்பும் இருந்த இடத்தில் தோல் சும்மா இருந்தது.

"உங்களுக்குப் பழத்தோடு சண்டை இல்லை. புல்லோடுதான் சண்டை. பழம் நடுவில் மாட்டிக்கொண்டது," என்றார் அவர்.

புல்லிலிருந்து பழத்துக்கு

அன்று அவர் பத்து நிமிடத்தில் சொன்னதை நான் பிறகு மாதக்கணக்கில் படித்துப் புரிந்துகொண்டேன். மகரந்தம் மூக்கில் படும்போது சிலருடைய உடல் அதைப் பகையாகக் கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. 1966-இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியர் இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிந்தபோது பயன்படுத்தியதே ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தநீரைத்தான். அந்த எதிர்ப்பொருள் முழுச் செடியையும் அடையாளம் காண்பதில்லை. மகரந்தப் புரதமொன்றின் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியின் வடிவத்தை மட்டுமே அறியும். அதே வடிவம் வேறொரு தாவரத்தின் பழத்தில் இருந்தால் அங்கேயும் போய் ஒட்டும். என் விஷயத்தில் அந்தப் புரதத்தின் பெயர் புரொஃபிலின். சுமார் 130 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். உயிரணுவின் உட்சட்டகத்தை அமைக்கவும் கலைக்கவும் உதவுவது. பூக்கும் தாவரம் எதுவும் இதில்லாமல் வாழ முடியாது. அதனால் பரிணாமம் இதை அதிகம் மாற்றவில்லை. புல்லின் புரொஃபிலினையும் கிர்ணியின் புரொஃபிலினையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் 70 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அச்சில் எடுத்து வெவ்வேறு வண்ணம் பூசிய கொலு பொம்மைகள் மாதிரி, வெளித்தோற்றத்தில் உறவே இல்லாத புல்லும் முலாமும் வாழையும் தக்காளியும் உள்ளே இந்த ஒரு புரதத்தில் ஒன்றாக இருக்கின்றன.

வேகவைத்தால் அரிக்காததற்கும் காரணம் இந்தப் புரதமே. எதிர்ப்பொருள் அறிந்திருப்பது மடிந்து நிற்கும் வடிவத்தை. சூடு பட்டால் அந்த மடிப்பு குலைந்துவிடும். பச்சையாகத் தின்றாலும் இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்னும் செரிமான நொதியும் அதை விரைவில் சிதைத்துவிடுகின்றன. ஆகவே தொல்லை வாய், உதடு, தொண்டை என்ற அளவில் நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் இதை வாய் ஒவ்வாமை என்றும், மகரந்த உணவு ஒவ்வாமை என்றும் குறிப்பிடுகிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சமைக்காத பழங்கள் ஆகாமல் போவதை டஃப்ட், புளூம்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1942-லேயே எழுதியிருக்கிறார்கள். ராக்வீட் மகரந்தத்துக்கும் முலாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றுக்குமான தொடர்பு 1970-இல் வெளியானது. ஐரோப்பாவின் வடபகுதியில் வளரும் பிர்ச் மரத்தின் முதன்மையான ஒவ்வாமைப் புரதத்தின் மரபணு 1989-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆப்பிள், செர்ரி, ஹேசல் கொட்டை, கேரட் எனப் பலவற்றில் அதன் உறவுப் புரதங்கள் இருப்பது தொடர்ந்து தெரியவந்தது. புரொஃபிலின் ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் என்பது 1991-இல் நிறுவப்பட்டது. அந்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சற்று ஆற்றாமையாகவே இருந்தது. கிர்ணியையும் வாழையையும் ஒரே மூச்சில் சொல்லும் விளக்கம் நான் பிறப்பதற்கு முன்பே அச்சில் இருந்திருக்கிறது.

இங்கே ஏன் தெரிவதில்லை

ஐரோப்பாவின் வடபகுதியில் இந்தத் தொடர்பு எவர் கண்ணுக்கும் தப்பாது. அங்கே பிர்ச் மரம் இளவேனிலில் சில வாரங்கள் மட்டுமே மகரந்தத்தைச் சொரிகிறது. அந்த வாரங்களில் மூக்கும் ஒழுகும், ஆப்பிள் கடித்தால் வாயும் அதிகமாக அரிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் தணிவதால் காரணம் தானாகப் புலப்பட்டுவிடும். சென்னையில் அப்படிப்பட்ட எல்லைகள் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறை, கோடைமழைக்குப் பின் ஒரு முறை, கழிவுநீர் தேங்கும் இடமென்றால் ஆண்டு முழுதும் என்று புல் பூத்துக்கொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தப் புழுக்கமான ஊரில் தூசிச் சிற்றுண்ணியும் பலருக்கு ஓயாத தும்மலைத் தருகிறது. தும்மல் நிற்காத இடத்தில் அது எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று யார் கவனிப்பார்கள்?

மற்றொரு காரணம், நமக்குக் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. இணையத்தில் தேடினால் பிர்ச்சும் ஆப்பிளும் ஹேசல் கொட்டையுமே வரும். பிர்ச் இமயமலைச் சரிவுகளில் வளரும் பூர்ஜ மரத்தின் இனம். காஷ்மீரத்தில் அதன் பட்டையில் சுவடி எழுதினார்கள். வேளச்சேரியில் அதன் மகரந்தம் யார் மூக்கிலும் ஏறப்போவதில்லை. நம் ஊருக்கு வேண்டியது அறுகம்புல், முள்ளுக்கீரை, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் என்று தொடங்கும் பட்டியல். அதற்கான துண்டுத் தகவல்கள் இல்லாமல் இல்லை. புனே அருகே 1950-களில் தென்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், ராக்வீட் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டின் மகரந்தங்களுக்கும் குறுக்கு எதிர்வினை (ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றதிலும் ஒட்டுவது) இருப்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். சீமைக்கருவேல மகரந்தத்துக்கும், நாம் குருமாவில் போடும் டபுள் பீன்ஸுக்கும் இடையே அத்தகைய எதிர்வினை இருப்பதைத் தில்லி ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். சீமைக்கருவேலத்தை நிலத்தடி நீருக்காக நீதிமன்றம் வரை கொண்டுபோன தமிழ்நாட்டில், அதன் மகரந்தத்தைப் பற்றிய பேச்சு கேட்டதே இல்லை.

மூன்றாவது காரணம் நம் சமையலறை. அரிக்கும் உணவு நமக்குப் பழகிய விஷயம் என்பதால் எல்லா அரிப்பையும் ஒன்றாகவே பார்க்கிறோம். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பது, அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் சதையில் குத்துவதால். அது யாரையும் அரிக்கும், புளி சேர்த்து வேகவைத்தால் தணியும், எதிர்ப்பொருளுக்கு அதில் வேலை இல்லை. அன்னாசி நாக்கை எரிப்பதற்குக் காரணம், புரதத்தைச் செரிக்கும் புரோமிலைன் என்னும் நொதி. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் கொப்புளிப்பது வேறொரு கதை: அது சேராங்கொட்டை, முந்திரித்தோல் ஆகியவற்றின் எண்ணெய்க்கு உறவான பொருளால் வருவது, ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும், அங்கே வேலை செய்வது ஐஜிஇ அன்று, வெள்ளணுக்கள். பலூன் பற்றி மருத்துவர் கேட்டதன் பொருளும் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வாழைப்பழமும் அவகேடோவும் ஆகாமல் போகலாம். அறுவைக் கையுறை அணியும் செவிலியர்களிடமும், கேரளத்து ரப்பர்த் தொழிலாளர்களைப் போன்றவர்களிடமும் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இத்தனை வகைகள் இருக்க, வாய் அரித்தது என்ற ஒற்றைத் தகவலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது.

கூட்டல் குறியின் பொருள்

இனி அந்தக் கவிழ்த்து வைத்த பட்டியலுக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. ஒவ்வோர் உணவுச் சாற்றிலும் என் எதிர்ப்பொருள் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை அது அளந்தது; 0.35 என்ற வழக்கமான எல்லையைத் தாண்டியவற்றுக்கெல்லாம் கூட்டல் குறி இட்டது. புரொஃபிலின் எல்லாத் தாவரங்களிலும் இருப்பதால், புல்லுக்கு எதிரான எதிர்ப்பொருள் கோதுமையிலும் கடலையிலும் எள்ளிலும் சென்று ஒட்டியது. இதற்கு மேல், தாவரப் புரதங்களின்மீது படிந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராகவும் சிலருக்கு ஐஜிஇ உண்டாகும். அது சோதனைக்குழாயில் எல்லாக் காய்கறிகளுக்கும் கூட்டல் குறி வாங்கித் தரும், உடம்பில் பெரும்பாலும் எதையும் செய்யாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்கள் குறியீடாகப் பயன்படுத்துவது அதே அன்னாசிப் புரோமிலைனைத்தான் என்பது எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு.

எதிர்ப்பொருள் இருப்பதும் நோய் இருப்பதும் வேறு வேறு என்பதை நம் பக்கத்து மாநிலத்து ஆய்வு ஒன்று கண்ணெதிரே காட்டுகிறது. யூரோபிரிவால் என்னும் பன்னாட்டு ஆய்வின் பகுதியாகக் கர்நாடகத்தில் பெரியவர்களிடம் 24 உணவுகளுக்கான ஐஜிஇ சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2016-இல் வந்தன. 26.5 விழுக்காட்டினரின் ரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே. நான்கில் ஒருவருக்குக் கூட்டல் குறி. நூறில் ஒருவருக்குச் சற்று மேல் நோய். இந்த இடைவெளியைப் பார்த்தபின், அறிகுறி எதுவும் கேட்காமல் சலுகை விலையில் ஐம்பது உணவுகளைச் சோதித்துப் பட்டியல் அனுப்பும் வியாபாரத்தின்மீது எனக்கு எந்த மரியாதையும் மிச்சமில்லை. ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளந்து உணவு ஒத்துக்கொள்ளாமை என்று விற்பவர்கள் இன்னும் ஒரு படி கீழே. அந்த எதிர்ப்பொருள் ஓர் உணவை நாம் வழக்கமாகச் சாப்பிட்டு வருகிறோம் என்பதைத்தான் காட்டும். ஒவ்வாமை அறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008-லேயே அறிவித்துவிட்டது.

அம்மாவின் கத்தரிக்காயைப் பற்றியும் ஒரு சொல். அதை நான் கிண்டல் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கத்தரிக்காய் ஒவ்வாமை நம் நாட்டில் உண்மையாகவே உண்டு. மைசூரு ஆய்வாளர்கள் அதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். பாட்டி சொன்னது சிலருக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. எண்ணெய்க் கத்தரிக்காய் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எள்ளுப்பொடியும் கடலை மிட்டாயும் மருத்துவர் சொன்னபடி அவர் அறையிலேயே முதல் வாய் தின்று பார்த்த பிறகு திரும்பின. கிர்ணியை விட்டுவிட்டேன். வெள்ளரிக்காயைக் கூட்டாக மட்டும். பச்சைக் காய்கறிச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் எல்லா நோயும் தீரும் என்று காலை நடைப்பயிற்சியில் அறிவுரை சொல்பவர்களிடம் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வேகாத ஒவ்வாமைகள்

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு உடனடிக் காரணம் வேறு. என் கதை உறவினர் நடுவே பரவி, "வேகவைத்தால் சரியாகிவிடும்" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது. அந்த வரி எனக்குச் சரி, எல்லோருக்கும் அன்று. பீச் பழத் தோலில் அதிகமாக இருக்கும் கொழுப்பு கடத்தும் புரதம் போன்றவை சூட்டுக்கும் இரைப்பை அமிலத்துக்கும் அசையாதவை. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் அவற்றால் உடல் முழுதும் தடிப்பும் மயக்கமும் வருகின்றன. ஜாமாகக் காய்ச்சினாலும் பயனில்லை. பிர்ச் ஒவ்வாமை உள்ள சிலர் சோயாப் பாலை ஒரே மூச்சில் நிறையக் குடித்து ஆபத்துக்குள்ளாகியிருக்கிறார்கள். அளவும் வேகமும் கூடினால் மென்மையான புரதமும் வயிற்றைத் தாண்டிவிடும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், தின்றவுடன் ஓடுபவர்களும், தங்களுக்கு வாய் மட்டும்தான் அரிக்கும் என்று உறுதியாக இருந்துவிடக் கூடாது. தாவரத்தை விட்டுச் சற்று விலகிச் சொன்னால், தூசிச் சிற்றுண்ணிக்கும் இறாலுக்கும் பொதுவான புரதம் எவ்வளவு வறுத்தாலும் அழியாது.

அத்தையின் பேரனுக்கு நான்கு வயது. முந்திரி தின்றால் சில நிமிடங்களில் வாந்தி எடுப்பான், உடம்பெல்லாம் தடித்துவிடும், ஒருமுறை மூச்சும் இழுத்தது. என் விஷயத்தைக் கேள்விப்பட்ட அத்தை தொலைபேசியில், "பச்சை முந்திரிதானேம்மா அவனுக்கு ஆகலை, நெய்யில வறுத்துப் போட்டாத் தாங்கும்ல?" என்று கேட்டார். தாங்காது என்றேன். முந்திரியில் இருப்பது விதைக்குள் நாற்றுக்கான உணவாகச் சேர்த்து வைக்கப்பட்ட புரதம், இறுக்கமாக முடிச்சிடப்பட்டது, வறுத்தாலும் வேகவைத்தாலும், வயிற்றில் இறங்கினாலும் அதன் வடிவம் பெரிதாகக் குலையாது. அவனுக்கு மகரந்தத்தோடு சண்டையே இல்லை, நேராக முந்திரியோடுதான். வாயோடு நின்ற அரிப்புக்கும், வாந்தியும் தடிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து வரும் தாக்குதலுக்கும் மருத்துவமே வேறு. இரண்டாவதற்குச் செட்டிரிசின் போதாது, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தை சிறிது நேரம் கேட்டுவிட்டு, கோயில் பொங்கலில் ஒன்றிரண்டு விழுந்தால்கூடவா என்றார். ஒன்றிரண்டு விழுந்தால்கூட என்றேன். பிஸ்தாவும் அதே குடும்பம் என்பதால் அதையும் சோதிக்காமல் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த வாரம் அவர்கள் அந்த மருத்துவரிடம் முன்பதிவு செய்திருக்கிறார்கள்; அதுவரை அவனுடைய பள்ளிக்கு முந்திரி, பிஸ்தா இரண்டின் பெயரையும் எழுதி ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.